நாகர்கோவில்காரி

எந்த ஊர் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கேட்பவர் பாவம், பேச்சுக்குத்தான் கேட்கிறார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி விற்பவர், ஆஸ்பத்திரியில் டோக்கனோடு காத்திருப்பவர் என்று எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. நான் மட்டும் முறைப்பேன். "இலங்கை" என்று சொல்லிவிட்டு, இன்னும் என்ன கேட்க வேண்டுமோ கேள் என்பதுபோல நிற்பேன். சின்ன வயதில் எனக்கு இந்தக் குணம் கிடையாது. செம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் இருந்தபோது வந்தது.

இரண்டாயிரத்துகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போது நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர், மகள். மன்னாரிலிருந்து படகில் வந்து, முகாமில் கொஞ்சக் காலம் கிடந்து, பிறகு வெளியே தங்க அனுமதி வாங்கிச் சேலையூர்ப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். கணவருக்குப் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கெழுதும் வேலை. மகள் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தாள். நான் ஊரில் புவியியல் படிப்பித்தவள். இங்கே என் சான்றிதழ்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் சமைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச் ஹாலில், என்னைப் போல அகதியாக வந்த பெண்களுக்கென்று ஒரு தொண்டு நிறுவனம் வகுப்பு நடத்தியது. புதன், சனி மத்தியானங்களில் இருக்கும். வெளிநாட்டுக் காசு. சுவரில் 'ஒருங்கிணைந்து வாழ்வோம்' என்று துணியில் எழுதி மாட்டியிருந்தார்கள். பேங்க் சலான் நிரப்புவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் வாயைத் திறந்து பேசுவது, கொஞ்சம் இங்கிலீஷ். எங்கள் ஊரில் பேங்கே இல்லை என்று நினைத்துவிட்டார்கள்போல என்று கேலி செய்துகொண்டுதான் போனேன். டீச்சரைப் பார்த்த பிறகு அந்தக் கேலி நின்றுபோனது.

டீச்சருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். காலையில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துவார். பிறந்தது நாகர்கோவிலில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். கல்யாணமாகிச் செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் இருந்தார். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் உச்சுக் கொட்டுவார்கள். எப்படி வந்தீர்கள், யாரைப் பறிகொடுத்தீர்கள் என்று துருவுவார்கள். டீச்சர் முதல் நாளே, "லேட்டா வந்தா வெளியில நிக்க வைப்பேன், வயசெல்லாம் பாக்க மாட்டேன்" என்றார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அகதி என்று நடத்தாமல் ஆள் என்று நடத்திய முதல் மனுஷி அவர்தான் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

சனிக்கிழமைகளில் வீடு தேடும் பயிற்சி நடக்கும். டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு வீட்டுக்காரம்மாவாக உட்காருவார். நாங்கள் ஒவ்வொருத்தராகப் போய் வீடு கேட்க வேண்டும். "எந்த ஊரு?" என்பார். ஒருத்தி "யாழ்ப்பாணம்" என்று தொடங்குவாள். "வீடு இல்லம்மா, நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்று கதவைச் சாத்துவதுபோலக் கையை வீசுவார். ஹாலே சிரிக்கும். சிரிக்கிற எல்லாரும் அந்தப் பதிலை எத்தனையோ வாசல்களில் கேட்டு இறங்கியவர்கள்தான்.

"நாகர்கோவில்னு சொல்லுங்க" என்றார் டீச்சர் ஒரு நாள். "உங்க பேச்சு இங்க உள்ளவங்களுக்குக் கொஞ்சம் மலையாளம் மாதிரி கேக்கும். நாகர்கோவில்னா யாரும் டவுட் பண்ண மாட்டாங்க."

"பொய் சொல்லலாமோ டீச்சர்?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"இதுக்குப் பேரு பொய் இல்லம்மா, அட்ஜஸ்ட்மெண்ட். உள்ள போயி நல்லவங்கன்னு பேர் எடுத்துட்டீங்கன்னா அப்புறம் யாரு கேக்கப்போறாங்க?"

நானும் டீச்சராக இருந்தவள் என்பதால் என்மேல் அவருக்குத் தனிப் பிரியம். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு என்னை உட்கார வைத்துத் தன் ஊரைச் சொல்லித் தருவார். வடசேரி பஸ் ஸ்டாண்டு, மணிமேடை, கோட்டார் கடைத்தெரு, சுசீந்திரம் போகிற வழி. எந்தத் தெருவில் எந்தச் சர்ச், எங்கே நேந்திரங்காய் சிப்ஸ் சூடாகக் கிடைக்கும் என்பதுவரை. நான் வகுப்பில் வரைபடம் வைத்துப் படிப்பித்தவள், சட்டென்று பிடித்துக்கொள்வேன். "எங்க ஊரையே உனக்குத் தர்றேன், பத்திரமா வச்சுக்கோ" என்றார். நான் அழுதுவிட்டேன். சொந்த ஊரைத் தொலைத்தவளுக்கு இன்னொருத்தி தன் ஊரைத் தூக்கிக் கொடுத்தால் அழாமல் வேறென்ன செய்வாள்?

மகள் பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம், எங்கள் வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே அலைவது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீச்சரிடம் சொன்னேன்.

"எங்க மாடி காலியாத்தான இருக்கு? தங்கச்சிக்கு இல்லாத வீடா?" என்றார்.

அன்றைக்குத் தாம்பரத்திலிருந்து வீடுவரை நடந்தே போனேன். பஸ்ஸில் ஏறி உட்காரத் தோன்றாத அளவுக்குச் சந்தோஷம்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு நடைமுறை உண்டு. வீடு மாறினால் முதலில் போலீஸ் ஸ்டேஷன், பிறகுதான் பால் காய்ச்சுவது. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பகுதி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இவர்கள் என் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று அவர் கையெழுத்துப் போட, நாங்கள் பதிந்துகொள்ள வேண்டும். பதியாமல் இருந்து பிடிபட்டால் திரும்பவும் முகாம்தான். அதனால் சாமான்களை வண்டியிலேயே விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் பொழுதெல்லாம் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் பசியில் அழும். ஆனாலும் புது வீட்டு அடுப்பைப் பற்ற வைக்க மாட்டார்கள்.

செம்பாக்கம் வீட்டுக்குப் போன அன்று, நாங்கள் படியேறும்போதே மாடி அடுப்பில் பால் ஏறியிருந்தது. டீச்சரே வைத்திருந்தார்.

"ஸ்டேஷனுக்கு எப்ப போவம் டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன அவசரம்? பதிஞ்சா அவங்க மாசாமாசம் வீட்டுக்கு வருவாங்க. எதிர்வீட்டுல எங்க ஊர்க்காரங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். இன்ஸ்பெக்டர் எங்க சர்ச்சுதான், நானே பேசிக்கறேன். நீ பொண்ணப் படிக்க வை."

கணவருக்குப் பிடிக்கவில்லை. "எந்த நாளும் செய்யிறதைச் செய்வம். இது சரியில்லை" என்றார் மெதுவாக.

"டீச்சரையுமோ சந்தேகப்படுறீங்கள்?" என்று நான் பாய்ந்தேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாதம் ஒன்று போனதும் நானே டீச்சரிடம் கேட்டேன். "பேசிட்டேன்மா, பாத்துக்கறேன்னாரு" என்றார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல இருந்தது.

அந்த மாடியில் நன்றாகத்தான் இருந்தோம். ஏரிக்காற்று வரும். மகள் ஜன்னலோரம் மேசை போட்டுப் படித்தாள். எதிர்வீட்டில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். தூத்துக்குடியைத் தாண்டித் தெற்கே போனதில்லையாம். நாகர்கோவிலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார். நான் அங்கே இரண்டு பருவமழையும் பெய்வதில் தொடங்கி, ரப்பர் தோட்டம், சுசீந்திரம் கோயில் கல்தூண் என்று பாடமே நடத்திவிடுவேன். போகாத ஊருக்கு என்னைப்போல் அவ்வளவு வழி சொன்னவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். டீச்சர் கீழே நின்று கேட்டுவிட்டு, "பாஸ் மார்க் போட்டாச்சு" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவ்வளவு நம்பியிருந்தேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து, மகள் பொதுத்தேர்வுக்காக ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் சர்ச்சிலிருந்து வந்து வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தார். ஆனால் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பழைய வீட்டில் இருந்தபோது எங்களை விசாரிக்க வரும் போலீஸ்காரர்.

"இங்க சிலோன்காரங்க ஒரு குடும்பம் கீதாமே?" என்று டீச்சரிடம் கேட்டார். "பழைய வூட்ல போய்க் கேட்டா, காலி பண்ணிகினு இங்க வந்துட்டாங்கன்றாங்க. புது அட்ரஸ்ல பதிவே இல்ல."

"சிலோனா?" என்றார் டீச்சர்.

நான் பாதிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். டீச்சர் தடுமாறுகிறார், சமாளித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இன்ஸ்பெக்டரிடம் பேசியாயிற்று என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"நாகர்கோவில்னு சொல்லித்தான் சார் வந்தாங்க. எங்க ஊருன்னதும் நானும் நம்பிட்டேன். தெருப் பேரு, சர்ச் பேரு எல்லாம் கரெக்டா சொன்னாங்க. இப்படின்னு தெரிஞ்சிருந்தா வீடே குடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. தண்ணீர்க் குவளையைக் கீழே வைக்கவும் இல்லை.

போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, டீச்சர் சொல்றது நெசமா?" என்றார்.

டீச்சரும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுச் சரியான பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொல்லித் தந்ததே இவர்தான் என்று கத்தியிருக்கலாம். கத்தினால் அந்தப் போலீஸ்காரர் அடுத்த புதன்கிழமை சர்ச் ஹாலுக்கே வருவார். என்னோடு படித்தவர்கள் கோவிலம்பாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் எத்தனை மாடிகளில் நாகர்கோவில்காரிகளாகக் குடியிருந்தார்கள்.

"ஓம் ஐயா" என்றேன். "நான்தான் அப்பிடிச் சொன்னனான்."

மறுநாள் கணவரும் நானும் செம்பாக்கம் பகுதி ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன்தான். கோபப்படாமல் கேட்டார். "சிலோன்னு சொல்லியே பதிஞ்சிருக்கலாமேம்மா. எவ்வளவு பேரு பதிஞ்சிட்டு நிம்மதியா இருக்காங்க."

எனக்கு இன்னும் புத்தி வரவில்லை. "டீச்சர் உங்களோட கதைச்சவ எண்டு சொன்னவ. உங்கட சர்ச்சிலதான் அவவும்…" என்று இழுத்தேன்.

"என்கிட்ட யாரும் பேசலையே" என்றார். "அதோட சர்ச்சா? நான் வருஷா வருஷம் பழனிக்கு மாலை போட்டுப் போறவன்மா."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்கள் சிரித்துவிட்டார்கள். என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் கடைசியில் ஒரு வழி சொன்னார். "வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு வாங்க. ஒரு கையெழுத்து போடட்டும், இங்கயே பதிஞ்சிடறேன். இல்லன்னா முகாமுக்குத்தான் அனுப்பணும், என் கையில இல்ல. இந்த வாரத்துக்குள்ள முடிங்க." ஆக, என் மகள் அந்த வருஷம் பரீட்சை எழுதுவதும் எழுதாததும் டீச்சர் போடப்போகிற ஒரு கையெழுத்தில் வந்து நின்றது. வாசலில் என்ன பேசினாலும் கையெழுத்து என்று வந்தால் போட்டுவிடுவார் என்று, வெட்கம்கெட்டு, அப்போதும் நம்பினேன்.

கணவர் போய்க் கேட்டார். டீச்சரின் கணவர் கதவைப் பாதி திறந்து, "அவங்க ஜெபத்துல இருக்காங்க" என்றார். அடுத்த நாள் போனார். அப்போதும் ஜெபம். பிறகு நானே போய் ஹாலில் உட்கார்ந்துகொண்டேன், எழுந்திருக்கவில்லை. டீச்சர் வெளியே வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"என் நிலைமையையும் யோசிச்சுப் பாரு" என்றார். "கையெழுத்து போட்டா ஸ்டேஷன்ல எங்க பேரும் ஏறிடும். இவரு ரிட்டையராகப் போற நேரம். ஸ்கூல்ல தெரிஞ்சா என்னாகும்? கிளாஸையே மூடிருவாங்க. உங்க ஆளுங்க நாப்பது பேருக்கு நான் பதில் சொல்லணும்."

"மகளின்ட பத்தாம் வகுப்புச் சோதனை முடியும்வரைக்கும் எண்டாலும் டீச்சர். அதுக்குப் பிறகு நாங்களே போயிடுறம்."

"முடியாதும்மா. என்னால முடியாது."

சொல்லிவிட்டு அழுதார். நான் அழவில்லை. டீச்சர் கிட்டே வந்து என் தலையில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு ஒரு வீட்டைக் காட்டும். இவங்க குடும்பத்துக்கு ஒரு கூரையைத் தாரும்…" பழக்கதோஷத்தில் நானும் கொஞ்ச நேரம் தலை குனிந்துதான் இருந்தேன். மேலே மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஆண்டவருக்கு ஏன் டீச்சர் கரைச்சல் குடுக்கிறீங்கள்? வீடு உங்கடதானே" என்றேன்.

தலையிலிருந்து கை போய்விட்டது. "நீ இப்படிப் பேசுவேன்னு நான் நினைக்கல" என்று சொல்லி உள்ளே போனார். என்ன அநியாயம் பாருங்கள், அந்த வீட்டில் மனம் புண்பட்டவர் அவர்தானாம்.

வகுப்பில் என்னோடு படித்த ஒருத்தி கோவிலம்பாக்கத்தில் ஒற்றை அறையில் நாலு பேரோடு இருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு அவளே தேடி வந்தாள். "பிள்ளையை என்னட்ட விடுங்கோ அக்கா. சோதனை முடிய வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். ஒரு வாரத்துக்குள் வேறு வீடு கிடைக்கவில்லை; மகளை அங்கே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் முகாமுக்குப் போவதென்று முடிவாயிற்று. கணவர் கம்பெனி வேலையை விட்டார். ஒரே படகில் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கடலைக் கடந்து வந்தவர்கள். கடல் பிரிக்காத எங்களை ஏரிக்கரை வீடு ஒன்று பிரித்தது. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

காலி செய்த அன்று சாமான் ஆட்டோவில் பாத்திர மூட்டைகளை ஏற்றினோம். மகள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியில் அவளைக் கோவிலம்பாக்கத்தில் இறக்க வேண்டும். டீச்சர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். தெரு பார்க்குமே. ஒரு பார்சல் கேக்கை மகளிடம் நீட்டி, "எக்ஸாம் நல்லா எழுதணும்" என்றார். அவள் வாங்கவில்லை. டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

எதிர்வீட்டு அம்மா அவசரமாக வெளியே வந்தார். போலீஸ், ஸ்டேஷன் எதுவும் அவருக்குத் தெரியாது.

"என்ன டீச்சர், திடீர்னு காலி பண்றாங்க?"

"ஊருக்கே போறாங்கம்மா" என்றார் டீச்சர். "எவ்வளவு நாள்தான் இங்க கஷ்டப்படுவாங்க?"

எதிர்வீட்டு அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருங்கம்மா. சொந்த ஊருக்குத் திரும்பிப் போறதுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

"ஆமாங்க" என்று தலையாட்டினார் டீச்சர்.